சொந்த ஜேசிபியை மச்சானுக்கு மூன்று மாதம் கொடுக்கலாமா?

2025 பிப்ரவரி 9 (கேள்வி)

அண்ணே, ஒரு ஜேசிபி வைத்திருக்கிறேன். இன்னும் 22 தவணை பாக்கி. மாதத்தில் பாதி நாள் வண்டி வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. என் மச்சான் காற்றாலைக்குப் பாதை போடும் வேலையை சப் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். "வண்டியை மட்டும் கொடுங்க மாப்பிள்ளை, ஆபரேட்டர், டீசல் எல்லாம் என் பொறுப்பு. மாசம் 75,000, மூணு மாசம்" என்கிறார். தவணைக்குச் சரியாகப் போய்விடும். வீட்டிலும் கொடுக்கத்தான் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பிப்ரவரி 9, இரவு 9.40

கொடுக்காதீர்கள்.

பிப்ரவரி 9, இரவு 11.15

ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. என் கதையையும் கேட்டுவிடுங்கள்.

2021 புரட்டாசி. சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. காட்டைச் சமன் செய்து தென்னை வைக்கப் போகிறேன், 20 நாள் வண்டி வேண்டும் என்றான். வாடகை பேசவில்லை. பங்காளியிடம் என்ன வாடகை? டீசல் அவன் போட்டுக்கொள்வான், ஆபரேட்டரையும் அவனே பிடித்துக்கொள்வான் என்று பேச்சு. 20 நாள் என்று போன வண்டி 41ஆம் நாள் வந்தது.

வந்ததும் பின்பக்கத்து பூமை, அதாவது தோண்டும் கையைத் தூக்கச் சொல்லி, பக்கெட்டை ஒரு முழம் உயரத்தில் நிறுத்தி, கையால் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கை முழுவதும் இடமும் வலமும் தள்ளாடியது, கள் குடித்தவன் மாதிரி. அந்தக் கை திரும்புகிற மூட்டான கிங்போஸ்டில் புஷ் போய்விட்டது. மெக்கானிக் பின்னை அடித்து உருவினார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவில் வந்தது. கிரீஸ் வாடையே இல்லை, துருவும் செம்மண்ணும்தான் ஒட்டியிருந்தது. தினமும் காலையில் பத்து நிமிடம் கிரீஸ் அடிக்கிற வேலை, அதைச் செய்யவில்லை. பின், புஷ், லேத்தில் போரிங், கூலி என்று 64,000 ஆனது. பக்கெட்டில் இரண்டு பல் காணோம். வண்டியோடு போன கிரீஸ் கன்னும் திரும்பவில்லை.

பணம் கேட்டேன். "ஓட்டை வண்டியைக் கொடுத்துட்டு புது வண்டிக்குக் காசு கேக்கிறியாண்ணா" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் மகள் சீருக்கு நான் போகவில்லை, அம்மா மட்டும் போய் வந்தார்.

அதனால்தான் அந்த ஒரே வார்த்தை.

பிப்ரவரி 10

காலையில் யோசித்தால், என் கதை உங்களுக்கு உதவாது. நான் சும்மா கொடுத்தேன், உங்களுக்கு 75,000 வருகிறது. சரி, கணக்குப் பார்ப்போம்.

75,000 தவணைக்குச் சரியாக வருவதால் அழகாகத் தெரிகிறது. இந்தத் தொழிலில் வாடகையைத் தவணையை வைத்துப் போடக் கூடாது, மணியை வைத்துத்தான் போட வேண்டும். காற்றாலை வேலை வெளிச்சம் இருக்கும் வரை நடக்கும். நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 260 மணி. 75,000ஐ வகுத்தால் மணிக்கு 288 ரூபாய். எங்கள் பக்கம் ஆபரேட்டர், டீசலோடு மணிக்கு 1,200 ஓடுகிறது. டீசல் மணிக்கு ஐந்து லிட்டர், 460 ரூபாய். ஆபரேட்டர் சம்பளம், பேட்டா 120. மிச்சம் 620 நிற்க வேண்டும், உங்களுக்கு நிற்பது 288. வித்தியாசம் முந்நூற்றுச் சொச்சம், அது மச்சானுக்கு நீங்கள் மணிக்கு மணி செய்கிற சீர்.

மூன்று மாதத்தில் 780 மணி. நடுவில் ஒரு 500 மணி சர்வீஸ் வரும். அது யார் செலவு என்று பேசினீர்களா? டயர் பாறையில் கிழிந்தால்? ஹோஸ் வெடித்து ஹைட்ராலிக் ஆயில் மண்ணில் கொட்டினால்? "அதெல்லாம் பார்த்துக்கலாம் மாப்பிள்ளை" என்றிருப்பார். அப்படிச் சொன்னால் உங்கள் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10, மாலை

ஹவர் மீட்டரை நம்பலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எஞ்சின் ஓடினால் மீட்டர் ஓடும், பக்கெட் வேலை செய்கிறதா என்று அது பார்க்காது. ஆபரேட்டர் ஏசி போட்டுக்கொண்டு போன் பேசினாலும் மணி ஏறும். மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். புதிய வண்டிகளில் லைவ்லிங்க் மாதிரி இணைப்பு வருகிறது, வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணி ஓடியது என்று போனிலேயே தெரியும். அது இருந்தும் பார்க்காமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 11

முக்கியமானதை விட்டுவிட்டேன். வாடகைக்கு விட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது. அது ஒன்றே போதும், கொடுக்காமல் இருக்க.

பிப்ரவரி 13

மேலே எழுதியது தப்பு. இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிற நண்பர் படித்துவிட்டுப் போன் போட்டுத் திட்டினார். "டிராக்டர் கதையைக் கொண்டுபோய் ஜேசிபி தலையில் ஏன் கட்டறே?"

அவர் சொன்னது இது. டிராக்டரை விவசாய வேலைக்கு என்று பதிவு செய்து, விவசாயப் பாலிசி எடுத்துவிட்டு, செங்கல் சூளைக்கு வாடகை ஓட்டினால்தான் அந்தச் சிக்கல். மட்கார்டில் இரண்டு பேரை உட்கார வைத்துப் போய் ஒருவர் விழுந்தால் அதைவிடப் பெரிய சிக்கல், டிராக்டரில் சீட் ஒன்றுதான். டிரெய்லருக்குத் தனியே இன்சூரன்ஸ் கட்டாதவர்கள் ஊரில் பாதிப் பேர். ஜேசிபி அப்படியில்லை. வாடகைக்கு ஓட்டத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம், பாலிசியும் அதற்கேற்றபடி இருக்கும். வாடகைக்கு விட்டீர்கள் என்பதற்காக மட்டும் தட்டிக் கழிக்க மாட்டார்கள்.

ஆனால் உங்கள் பாலிசியை எடுத்து ஐஎம்டி 47 என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அர்த்தம் இதுதான்: ரோட்டில் ஓடும்போது கவிழ்ந்தால் காசு உண்டு, மண் தோண்டும்போது கவிழ்ந்தால் இல்லை. வண்டி ரோட்டில் போகும்போது வாகனம், பக்கெட் வேலை செய்யும்போது கருவி. கருவியாக வேலை செய்கையில் சாய்ந்து விழுந்த சேதத்தை அந்த வரி கழித்துவிடுகிறது. கூடுதல் பிரீமியம் கட்டி அதை எடுத்துவிடலாம், அல்லது கான்ட்ராக்டர்களுக்கான இயந்திரப் பாலிசியைத் தனியே எடுக்கலாம். பிரீமியம் குறைகிறதே என்று நாம்தான் ஏஜென்ட் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் போட்டேன். ஆறு வருடப் பாலிசியையும் நேற்று எடுத்துப் பார்த்தேன், ஆறிலும் அந்த வரி இருக்கிறது.

உங்கள் மச்சான் வேலை மேட்டில் பாதை வெட்டுவது. ஓரத்து மண் இளகி ஒரு ஜாக்கி, வண்டியைத் தாங்கி நிற்கிற கால், இறங்கினால் வண்டி சாயும். கவிழ்கிறதென்றால் அங்கேதான் கவிழும்.

இன்னொன்று. ஆபரேட்டருக்கும் கிளீனருக்கும் ஆளுக்கு 50 ரூபாய் கூடுதல் பிரீமியம் உண்டு, அடிபட்டால் நம் தலையில் விழுகிற இழப்பீட்டுக்கு. 50 ரூபாய். அதையும் பலர் கட்டுவதில்லை.

பிப்ரவரி 16

"ஆபரேட்டரை மச்சான்தானே போடுகிறார், தப்பு நடந்தால் அவர்தானே பொறுப்பு?" இதை நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உங்கள் மச்சானைத் தெரியாது. அது பெரும்பாலும் பார்ப்பது ஆர்.சி.யில் இருக்கும் பெயரைத்தான். 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்கள். வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தது, பதிவில் மட்டும் பழைய பெயர். விபத்து நடந்தபோது அந்தப் பழைய பெயர்க்காரரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்றது. விற்றவருக்கே அந்தக் கதி என்றால் வாடகைக்கு விட்டவருக்கு?

லைசென்ஸ் விஷயம் இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாத ஆளை ஓட்டவிட்டால் 180ஆம் பிரிவில் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஓட்டினது சின்னப் பையன் என்றால் 25,000, மூன்று வருடம் வரை சிறை, வண்டிப் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்து. சைட்டில் ஆபரேட்டர் சாப்பிடப் போனால் கிளீனர்ப் பையன் ஏறி உட்கார்ந்துவிடுவான். எல்லா ஆபரேட்டரும் அப்படித்தான் தொழில் கற்றார்கள், என் ஆபரேட்டர் உட்பட.

இழப்பீட்டு வழக்கில் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும், பிறகு உங்களிடம் வசூலிக்க வரும். 2004இல் ஸ்வரண்சிங் வழக்கில் உரிமையாளருக்கு ஒரு வழி விட்டார்கள். லைசென்ஸைப் பார்த்து, கவனமாகத்தான் ஆளை அமர்த்தினேன் என்றால் தப்பிக்கலாம். மச்சான் பிடித்த ஆளின் முகமே உங்களுக்குத் தெரியாதே, எதைப் பார்த்தேன் என்று சொல்வீர்கள்?

7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்ஸ் போதும் என்று போன நவம்பரில் தீர்ப்பு வந்ததே என்று ஒருவர். வந்தது, அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. நம் வண்டியின் எடை அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. ஆர்.சி.யில் என்ன எடை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள்.

பிப்ரவரி 17

கடன் பாக்கி இருக்கிறது என்றீர்களே. ஃபைனான்ஸ் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். எழுத்தில் அனுமதி வாங்காமல் வண்டியை வேறொருவர் வசம் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் 14ஆம் பக்கம்.

பிப்ரவரி 23

விபத்தை விடுங்கள். நான் அதிகம் பயப்படுவது ராத்திரி வேலைக்கு.

பக்கத்து ஊரில் ஒருவர், இரண்டு வண்டி வைத்திருந்தார். ஒன்றைத் தெரிந்தவரிடம் மாத வாடகைக்கு விட்டிருந்தார். அந்த ஆபரேட்டருக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன். "ஒரு மணி நேர வேலை, ஐயாயிரம்." போனான். அண்ணன் தம்பி பாகத் தகராறு, நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அண்ணன் டார்ச் அடிக்க இவன் முன் பக்கெட்டை வைத்துத் தள்ளினான். நாலு நிமிடத்தில் சுவர் இல்லை. வண்டி திரும்புவதற்குள் ஊரே வந்துவிட்டது.

சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், 1992 என்று ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் வழக்கு. முதல் ஆள் அண்ணன், இரண்டாவது ஆபரேட்டர், மூன்றாவது நம்மாள். அவர் அன்று கொழுந்தியாள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார், ஆல்பத்தில் படம்கூட இருக்கிறது. அதனால் கைதாகவில்லை. வண்டிதான் கைதானது.

ஸ்டேஷன் வளாகத்தில் 74 நாள் நின்றது. பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு மக்கவிடாதீர்கள் என்று 2002லேயே சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுப் போட்டால் ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு இடைக்கால வசத்தில் தருவார்கள். அந்த மனு, வக்கீல், ஜாமீன்தாரருக்கு சொத்து வரி ரசீது, வாய்தா எல்லாம் சேர்ந்ததுதான் 74 நாள். எடுக்கப் போனபோது பேட்டரி இல்லை, டீசல் டேங்க் காலி. முன் டயரைச் சுற்றிச் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. தவணை மட்டும் தேதி தவறாமல் நடந்தது.

செய்தித்தாளில் 'பொக்லைன் இயந்திரம் பறிமுதல்' என்று வந்ததாம். பொக்லைன் பிரான்ஸ் கம்பெனி, ஜேசிபி இங்கிலாந்துக் கம்பெனி, நம் ஊர் நிருபர்களுக்கு எல்லாம் பொக்லைன்தான். "என் வண்டி பொக்லைனே கிடையாதுங்க" என்று இவர் வக்கீலிடம் வாதாடியது எங்கள் டீக்கடையில் இன்றும் ஓடுகிறது.

மார்ச் 2

மண் வேலைக்கு விடுவது பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

குளத்து மண் அடிக்கிறோம், அனுமதி இருக்கிறது, வண்டி கொடுங்கள் என்று சித்திரை வைகாசியில் கேட்பார்கள். வண்டல் மண் இலவசம் என்பது உண்மை. 2024இல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் அனுமதிக்கு அளவு உண்டு, நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. சர்வே நம்பரும் உண்டு. அனுமதிச் சீட்டு ஒரு குளத்துக்கு இருக்கும், ராத்திரி ஏழு மணிக்கு மேல் வண்டி நிற்பது பக்கத்துப் புறம்போக்கில் இருக்கும். வண்டல் என்று சீட்டு, லாரியில் போவது கிராவல்.

பிடித்தால் கனிமச் சட்டம் 1957, 21ஆம் பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம். இது தோண்டினவருக்கு. நமக்கு அதே பிரிவில் இன்னொரு வரி: அதற்குப் பயன்பட்ட கருவி, வாகனம் பறிமுதல், நீதிமன்றம் நினைத்தால் அரசுடைமை. சுவர் இடித்த வழக்கில் வண்டி என்றைக்காவது திரும்பி வரும், இதில் வராமலே போகலாம்.

"என் காட்டு மண்ணை நான் எடுத்து விற்க எவன் அனுமதி?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் நிரப்புகிற சாதாரண மண்ணையே 2000ஆம் ஆண்டில் சிறு கனிமம் என்று அறிவித்துவிட்டார்கள். என்னிடம் கோபித்து என்ன செய்ய.

நான் இப்போது சீட்டைப் போட்டோ எடுத்து வாங்கிக்கொள்கிறேன், சர்வே நம்பரை வி.ஏ.ஓ.விடம் கேட்டுக்கொள்கிறேன், ஆறு மணிக்கு வண்டி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இதனால் இரண்டு பார்ட்டி என்னை விட்டுப் போய்விட்டார்கள். போகட்டும்.

மார்ச் 3

"சாவி என்னிடம்தான் இருக்கும், யார் எடுப்பார்கள்?" என்றவருக்கு. தம்பி, பழைய ஜேசிபிக்கு எல்லாம் ஒரே சாவி. உங்கள் சாவியால் என் வண்டியை எடுக்கலாம், என் சாவியால் உங்கள் வண்டியை. ஆன்லைனில் நூறு இருநூறுக்குக் கிடைக்கிறது. ராத்திரி பேட்டரி கட்-ஆஃபைத் திருப்பிவிட்டு வாருங்கள், கூடவே முன் பக்கெட்டை ஒரு மரத்துக்கு முட்டுக் கொடுத்து இறக்கி வையுங்கள்.

மார்ச் 9

கேபிள். இதை எப்படி மறந்தேன்.

போன வருடம் ஒரு தோட்டத்துக்குப் பைப் புதைக்கக் குழி எடுத்தோம். என் ஆபரேட்டர், என் டீசல், எல்லாம் ஒழுங்கு. ரோட்டோரம் மூன்றடி போனதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குழாய் பக்கெட் பல்லில் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. ஆபரேட்டர் எஞ்சினை அணைத்துவிட்டார். தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "பழைய சொட்டு நீர்க் குழாயா இருக்கும், அறுத்துடு" என்றார். ஃபைபர் கேபிள். நல்லவேளை, உறைதான் கிழிந்திருந்தது, உள்ளே நூல் அறுபடவில்லை. அறுந்திருந்தால் ஒட்டுகிற செலவுக்குத் தோட்டக்காரரையா தேடியிருப்பார்கள்? மஞ்சள் நிறத்தில் இவ்வளவு பெரிதாக நிற்கிற வண்டியைத்தான்.

தோண்டும் முன் கேட்பதற்கென்றே 2023 மார்ச்சில் ஒரு செயலி விட்டிருக்கிறார்கள், 'கால் பிஃபோர் யூ டிக்' என்று பெயர். இடத்தைக் குறித்தால் கேபிள்காரர்களுக்குத் தகவல் போகும். எங்கள் பக்கம் எவ்வளவு வேகமாகப் பதில் வரும் என்பது வேறு கதை. இருந்தாலும் நான் கேட்டேன் என்று காட்ட போனில் ஒரு தடயம் இருக்குமே.

மார்ச் 22, இரவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

வண்டியின் பழைய ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், வருமான வரிக்கு. மெக்கானிக் நோட்டு ஒன்று கிடைத்தது. என் மெக்கானிக் பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டில் வண்டி வண்டியாக எழுதி வைப்பார், நோட்டு தீர்ந்தால் என்னிடம் கொடுத்துவிடுவார். 2021 ஆடி 18 அன்று என் வண்டிக்கு ஆயில் மாற்றியிருக்கிறார். கீழே பென்சிலில்: "கிங்போஸ்ட் ஆட்டம். அடுத்த தடவை புஷ் மாத்தணும். ஓனர்கிட்ட சொல்லியாச்சு."

தம்பிக்கு வண்டி போனது புரட்டாசியில்.

சொன்னாரா? சொல்லியிருப்பார். அந்த மாதம் வேலை நெருக்கடி, "சரிண்ணே, பார்த்துக்கலாம்" என்று நானும் சொல்லியிருப்பேன். மேலே உங்கள் மச்சான் வாயில் நான் வைத்த அதே வார்த்தை.

அவன் கிரீஸ் அடிக்கவில்லை என்பதும் உண்மைதான். 41 நாள் வைத்திருந்ததும் உண்மை. ஆனால் "ஓட்டை வண்டி" என்று அவன் சொன்னானே, அதுவும் உண்மையாகிவிட்டது. 64,000இல் அவன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எந்த வழியும் இல்லை. போகும்போது எப்படிப் போனது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதவில்லையே.

மார்ச் 23

"இதற்குத்தான் கொடுக்கும் முன் வீடியோ எடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் இப்போது எடுக்கிறேன். ஹவர் மீட்டர், நாலு டயர், பக்கெட் பல், பூமை அசைத்துக் காட்டுவது, ஹோஸ் கசிவு, டீசல் அளவு, எல்லாம் ஐந்து நிமிடம். ஆனால் 2021இல் வீடியோ எடுத்திருந்தால் மாட்டியிருப்பது நான்தான். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. முழுச் சிரிப்பு இல்லை.

ஏப்ரல் 6

கேட்டவர் திரும்ப வந்து சொல்லியிருக்கிறார். மச்சானுக்குக் கொடுத்துவிட்டாராம்! இத்தனை எழுதியும். ஆனால் அவர் பேசிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆபரேட்டர் இவருடைய ஆள், சம்பளமும் இவர் கொடுப்பது. டீசல் மச்சான். மணிக்கு 750, மாதம் குறைந்தது 150 மணிக்குக் காசு, தினமும் சாயங்காலம் மீட்டர் படம் இருவர் போனுக்கும். பாலிசியில் ஐஎம்டி 47ஐ எடுக்கப் பணம் கட்டிவிட்டார், ஃபைனான்ஸுக்கும் கடிதம் கொடுத்துவிட்டார். சர்வீஸ் இவருடையது, டயர், பல், ஹோஸ் அங்கே போனால் மச்சானுடையது. இதை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கப் போனபோது மச்சான் முகம் சுண்டிவிட்டதாம், "என்னை நம்பலையா?" என்று. அக்கா பக்கத்தில் இருந்திருக்கிறார், "நம்பாட்டி வண்டியே வராதே, போடுங்க கையெழுத்தை" என்றாராம்.

அந்த அக்காவுக்கு ஒரு கும்பிடு.

150 மணி கொஞ்சம் குறைவு என்று தோன்றுகிறது, 180 கேட்டிருக்கலாம். பரவாயில்லை. இன்னொன்று, மச்சான் கம்பெனிக் கணக்கில் காசு கொடுத்தால் வருமான வரிக்கு டி.டி.எஸ். பிடிப்பார், ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதக் காசு கைக்கு வந்ததும் எழுதுங்கள்.

ஏப்ரல் 7

பிப்ரவரி 9 இரவு 9.40க்கு எழுதின அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 27

நேற்று அம்மா சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்று வண்டியை எடுத்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தம்பி தென்னந்தோப்பில் இருந்தான். அந்த 41 நாளில் சமன் செய்த காடு, கன்று எல்லாம் நெஞ்சு உயரத்தைத் தாண்டிவிட்டது. மெக்கானிக் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். காட்டினேன். பென்சில் எழுத்தை வெயிலில் பிடித்து இரண்டு தடவை படித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "ஆபரேட்டரை கிரீஸ் அடிக்கச் சொல்லிருக்கணும்ணா நானு" என்றான். அப்புறம் இளநீர் வெட்டினான், பக்கத்துத் தோப்பு மரத்தில்.

கிளம்பும்போது "இருண்ணா" என்று மோட்டார் ரூமுக்குள் போய்த் துழாவி ஒரு கிரீஸ் கன்னை எடுத்து வந்தான். "உன்னோடது, இத்தனை நாளா இங்கேயே கெடக்குது."

வாங்கிக்கொண்டேன். என்னுடையது பச்சை, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். இது சிவப்பு. யாருடையதோ தெரியவில்லை.